கூட வந்தவர்

ஜூன் 9, டார்வின்

இது போன வருஷத்து டைரி. மாப்பிள்ளையின் ஆபீசில் கொடுத்தது, ஒரு பக்கம்கூட எழுதாமல் அலமாரியில் கிடந்தது. கிழமை எதுவும் ஒத்துவராது. தேதியை மட்டும் வைத்துக்கொண்டு கிழமைகளைப் பேனாவால் அடித்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்த காரணம், பேச ஆளில்லை. ஆள் இருக்கிறது, பேச்சு இல்லை. மகள் உமாபாரதி ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுகிறாள். நர்ஸ். ஐந்து மாத வயிற்றோடு ஓடிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அவர் பேசுவார். காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால் தூங்கும்வரை ஆஸ்திரேலியாவைப் பற்றி எனக்கு விளக்குவார். எதிராளி பேச வேண்டிய அவசியமே இல்லாத பேச்சு அது. மிச்சம் இருப்பது இவர். இவரோடு நான் பேசி இன்றோடு ஒன்பது நாள்.

விஷயம் இதுதான். இவர் கழுத்தில் ஒரு கட்டி. எலுமிச்சங்காய் அளவு. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மதுரையில் ஊசி குத்தி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் வரப் பதினைந்து நாள் ஆகும் என்றார் டாக்டர். டிக்கெட்டைத் தள்ளிப்போடுவோம் என்றேன், கேட்கவில்லை. சரி, உமாவிடமாவது சொல்வோம், அவள் இந்த வேலையில்தானே இருக்கிறாள் என்றேன். சென்னை ஏர்போர்ட்டில் வைத்து, "புள்ளத்தாச்சிப் பிள்ளைகிட்ட மூச்சு விடக்கூடாது. என் கழுத்து, என் இஷ்டம்" என்றார்.

"அப்படின்னா உங்க கழுத்தோட நீங்களே பேசிக்கோங்க" என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார் போல.

எனக்கென்ன வந்தது. நான் நன்றாகத் தூங்குகிறேன்.

ஜூன் 10

சாம்பார் பொடி தீர்ந்துவருகிறது. இவருடைய மஃப்ளரைத் துவைத்துப் போட்டேன். பேசவில்லை என்பதற்காகத் துவைக்காமல் இருக்க முடியாது. முப்பத்தொரு டிகிரி வெயிலில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு திரிகிற ஒரே மனுஷன் இந்த ஊரில் இவர்தான். "மாமாவுக்குக் குளிர் ஒத்துக்கலை" என்று மாப்பிள்ளை எல்லோரிடமும் சொல்கிறார்.

மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. கொசு.

ஜூன் 12

மாப்பிள்ளை எங்களுக்கு ஒரு டூர் போட்டிருக்கிறார். ஏதோ பெல்லிங்டன் தீவாம். வெள்ளைக்காரன் வைத்த பேர். அங்கேயே காலங்காலமாக இருக்கிற பூர்வகுடி மக்கள் வைத்த பேர் வேறு இருக்கிறதாம், மாப்பிள்ளை நாலு தடவை சொன்னார், நாலும் நாலு விதமாக இருந்தது. காலையில் போய்ச் சாயந்தரம் வருவது. தீவுக்காரர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள், மீன் சுட்டுக் கொடுப்பார்கள். உமாவுக்குப் படகு ஆகாது, அதனால் நாங்கள் இருவர் மட்டும். "ரிலாக்ஸா ஒரு நாள் அத்தை" என்றார். பேசாத புருஷனோடு படகில் போவது எப்படி ரிலாக்ஸ் என்று கேட்க முடியவில்லை.

டூர்க்காரி போன் பண்ணி வருகிறவர்கள் பேரைக் கேட்டாள். என் பேரைச் சொன்னேன், குருவம்மாள். புருஷன் பேர் என்றாள். போனைக் கொண்டுபோய் இவர் காதில் வைத்துவிட்டு வந்தேன்.

இதை எழுதத்தான் வேண்டும். கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள் நான். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் முதல் தாசில்தார் வரை எல்லார் பேரையும் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். இவர் பேர் மட்டும் வாயில் வந்ததே இல்லை. இவருக்குக் கால் வந்தால் பக்கத்து சீட் ராஜாத்தி சொல்லுவாள். கல்யாணமான மறுநாள் மாமியார் சொல்லி வைத்தார்: கட்டினவன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். நான் நம்பினேன் என்று இல்லை. பழகிவிட்டது. பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பின்னால் இவர் பேர்தான் இருக்கிறது. இங்கே ஏர்போர்ட்டில் அந்த ஆபீசர் என்னை இவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நான் திரும்பி இவரைத்தான் தேடினேன்.

இப்போது கழுத்தில் கட்டியும் வந்திருக்கிற நேரத்தில் எதற்கு வம்பு.

ஜூன் 14

இன்றைய வேலை: மாவு ஆட்டியது, புழுங்கலரிசி கிடைக்காமல் ஏதோ ஒரு அரிசியில். இட்லி நாளைக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு இவருக்கு ஊரிலிருந்து ஒரு போன் வந்தது. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பிறகு உள்ளே வந்து, வீட்டில் இருக்கிற சட்டை எல்லாவற்றையும் இஸ்திரி போட்டார். தன்னுடையது, மாப்பிள்ளையுடையது, கடைசியில் என் ரவிக்கைகள். இத்தனை வருஷத்தில் இவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஸ்கூலில் பி.டி. வாத்தியார், யூனிஃபார்ம்கூட நான்தான் தேய்த்துக் கொடுப்பேன். பொழுது போகவில்லை போலிருக்கிறது.

யார் போன் என்று நான் கேட்கவில்லை. பேசினால்தானே கேட்பதற்கு.

புளித்துப் பொங்குகிறதா என்று மாவை நாலு தடவை திறந்து பார்த்தேன்.

ஜூன் 16

கை வலிக்க எழுதப் போகிறேன் இன்றைக்கு.

காலை ஏழு மணிக்குப் படகுத்துறை. நாங்கள் இரண்டு பேர், மெல்பர்னிலிருந்து வந்த வயசான வெள்ளைக்காரர்கள் நாலு பேர். படகு ஓட்டுகிற கென்னி, தீவுக்காரன், முப்பது வயசு இருக்கும், லிஸ்ட்டை வைத்துப் பேர் வாசித்தான். இவர் பேரை அவன் நாலு துண்டாக உடைத்தும் இவர் கண்டுபிடித்துக் கையை நேரே மேலே தூக்கி "உள்ளேன்" என்றார். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகள் சொல்லிக் கேட்டது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. பிறகு படகின் முன்பக்கம் போய் உட்கார்ந்தார். ரோட்டில் நடந்தாலும் பத்தடி முன்னால் போகிறவர்தான். நான் பின்பக்கம் உட்கார்ந்தேன்.

என் பக்கத்தில் டோரீன். எங்களுக்குத் தீவைச் சுற்றிக்காட்டப் போகிறவள். என் வயசுதான் இருக்கும், என்னைவிட இரண்டு பங்கு உடம்பு, பூப்போட்ட பாவாடை, வெறுங்கால். அவள் பேசியது இங்கிலீஷ்தான். எனக்குக் காதில் விழுந்தது நம்மூர்ப் பேச்சாகத்தான். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

டோரீன் கென்னியின் பக்கமே திரும்பவில்லை. "யாராவது அந்த ஆளுட்டச் சொல்லுங்க, இடதுபக்கம் பாறை இருக்கு" என்றாள். கென்னி கடலைப் பார்த்தபடி, "பாறை தெரியும்னு யாராவது அவுகட்டச் சொல்லுங்க" என்றான். எனக்குச் சொந்த வீட்டுக்குள் வந்ததுபோல இருந்தது.

"ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சண்டையா? அவன் என் மக புருஷன். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கிடக் கூடாது. மூஞ்சியப் பாக்கக் கூடாது. அதுதான் எங்க மரியாதை."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட."

நான் அந்தத் தீவைப் பார்த்தேன். இன்னும் கரைகூடச் சரியாகத் தெரியவில்லை, அதற்குள் பெரிய மதிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இந்த டூரைச் சொன்னவர்கள் இதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

தீவில் வெள்ளை மணல், சவுக்கு மாதிரி மரங்கள், கரையோரம் தாழம்புதர். முதலை படம் போட்ட எச்சரிக்கைப் பலகை ஒன்று. டோரீன் எங்களை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, குச்சியால் மணலில் கோடு போட்டுத் தங்கள் உறவுமுறையைச் சொன்னாள். அப்பாவோடு பிறந்த ஆண்கள் எல்லாரும் அப்பா. அம்மாவோடு பிறந்த பெண்கள் எல்லாரும் அம்மா. அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை. அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் வேறு ரகம். மெல்பர்ன் அம்மா ஒருத்தி இதை மூன்று தடவை சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டாள், முகத்தில் குழப்பம் தீரவில்லை. எனக்கு இதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. "பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி" என்று விரல் விட்டேன். டோரீன் என் தொடையில் ஓங்கி அடித்தாள். "இவ ஒருத்திதான் ஒழுங்கா வளந்தவ" என்றாள் மற்றவர்களிடம்.

அங்கே வருகிறவர்களையும் ஏதாவது ஒரு முறையில் சேர்த்துவிடுவார்களாம், இல்லாவிட்டால் எப்படிப் பேசுவது என்று தெரியாது. என்னைத் தன் தங்கையாக வைத்துக்கொண்டாள். மணலில் எனக்கு ஒரு கோடு போட்டாள். அதன் பக்கத்தில் இன்னொரு கோடு. "ஒம் புருஷன் பேரு என்ன?"

நான் தலையை ஆட்டினேன். "எங்க வழக்கத்துல பேரைச் சொல்றதில்ல."

டோரீனின் முகம் அப்படியே மாறிவிட்டது. அந்தக் கோட்டை உள்ளங்கையால் அழித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிரு தங்கச்சி. எனக்குத் தெரியல. எங்களுக்கும் அதே வழக்கந்தான்." பிறகு, "எவ்வளவு காலமாச்சு?" என்றாள்.

"முப்பத்தாறு வருஷம்."

"முப்பத்தாறு வருஷமா ஒருக்காகூட நீ அந்தப் பேரைச் சொல்லலையா?"

"ஒருக்காகூட இல்ல."

அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோவில்பட்டியில் ஒருத்தர் இதற்காக என்னைப் பாராட்டியதில்லை. கடல் தாண்டி வந்த இடத்தில் ஒருத்தி அழுகிறாள்.

அதற்குப் பிறகு எனக்கு நடந்த கவனிப்பு இருக்கிறதே. டோரீனின் தங்கை க்ளோரியா மீனை மரப்பட்டையில் சுற்றிச் சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் டோரீன் ஏதோ சொன்னாள். உடனே எனக்கு நிழலில் தனியாக ஒரு பாய். மீனில் நடுத்துண்டு எனக்கு. சேற்றுச் சிப்பியில் பெரியதாகப் பொறுக்கி எனக்கு. மெல்பர்ன்காரர்களுக்கு வால் பக்கம் போனது. இவர் நாற்பதடி தள்ளி ஒரு மரத்தில் சாய்ந்து, முள்ளெடுத்துத் தின்றுகொண்டிருந்தார். மஃப்ளர் சுற்றியிருந்தது.

க்ளோரியா பக்கத்தில் உட்கார்ந்து, "பிள்ளைய நீ தனியாவா வளத்தே?" என்றாள்.

"பின்ன வேற யாரு வளத்தா?" என்றேன். அது உண்மைதான். காலையில் ஐந்து மணிக்கு கிரவுண்டுக்குப் போனால், மாவட்ட அளவில் கோகோ, மாநில அளவில் கபடி என்று, உமா எத்தனாவது படிக்கிறாள் என்று இவர் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

"பாவம். அதுக்கப்புறம் நீ யாரையும் கட்டிக்கிடலையா?"

அப்போதுதான் புரிந்தது. இவர்கள் செத்துப்போனவர்கள் பேரைத்தான் சொல்ல மாட்டார்கள். முப்பத்தாறு வருஷமாக நான் தாலியறுத்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்போ அந்தா உக்காந்திருக்காரே, அவரு யாரு?" என்று க்ளோரியா இவரைக் கைகாட்டினாள்.

நான் திருத்தியிருக்க வேண்டும். கையில் நடுத்துண்டு இருந்தது. பதினாறு நாள் கோபம் இருந்தது. "கூட வந்தவர்" என்றேன்.

எழுதும்போது கை கூசுகிறது. அந்த நேரம் சிரிப்புத்தான் வந்தது. கழுத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்றால், சரி, ஆளே இல்லையென்று வைத்துக்கொள்வோம் என்று தோன்றியது. எத்தனை நாளாகவோ அடைத்துக்கொண்டு இருந்த நெஞ்சு கொஞ்சம் லேசானது. இரண்டாவது மீனையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

இவர் சாப்பிட்டு முடித்து, கையைக் கடலில் கழுவி, கரையோரமாக நடக்க ஆரம்பித்தார். ஒன்றும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வார்.

பிறகு டோரீன் பச்சை இலை ஒரு கட்டு கொண்டுவந்தாள். "தங்கச்சி, உனக்காக ஒண்ணு செய்யட்டுமா? இது டூரிஸ்ட்டுக்குச் செய்யிறதில்ல" என்றாள். குழியில் நெருப்புப் போட்டு, அதன்மேல் இலையைப் பரப்பினார்கள். வெள்ளைப் புகை மண்டியது. நல்ல வாசனை. என்னைப் புகைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, க்ளோரியா என் முதுகுப் பக்கம் ஒரு கிளையால் விசிறினாள். டோரீன் தன் பாஷையில் முணுமுணுத்தாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்ட நினைப்பில் நான் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றேன்.

"இது எதுக்கு அக்கா?"

"அவரு ஒன்னையே சுத்திக்கிட்டு நிக்காருல்ல, இத்தன வருஷமா. போகச் சொல்லுறோம். நிம்மதியாப் போயிச் சேரட்டும். நீயும் விட்டுரு."

நான் எதையும் நம்புகிறவள் இல்லை. ஆனால் புகை கரையோரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இவர் நடந்துபோன அதே திசையில். "வேண்டாம்" என்று குழியைத் தாண்டிக் குதித்தேன். சேலை முந்தி கருகியிருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். "போகச் சொல்லாதீங்க. உயிரோட இருக்காரு."

"யாரு?"

"கூட வந்தவரு. அவருதான் அவரு."

டோரீன் க்ளோரியா கையிலிருந்த கிளையைப் பிடித்து நிறுத்தினாள். "உயிரோட இருக்க மனுஷன் பேரை எதுக்குட்டி சொல்ல மாட்டேங்க?"

"சொன்னா ஆயுசு குறையும்னு மாமியா சொன்னாக."

"நாங்க உசுரோட இருக்கவன் பேரத்தான் நாளெல்லாம் சொல்லுவோம். நீ பேரையும் ஒளிச்சு, ஆளையும் தள்ளி உக்காரவச்சு, எங்க கையாலயே அனுப்பப் பாத்தியே."

க்ளோரியா குழியைப் பார்த்தாள். "பாதி அனுப்பியாச்சே அக்கா" என்றாள்.

"வாயை மூடு" என்றாள் டோரீன் அவளிடம். என்னைப் பார்த்து, "பேரைச் சொல்லிக் கூப்பிடு. இப்பவே. கூப்பிட்டுத் திருப்பு" என்றாள்.

திரும்பிப் பார்த்தால் இவர் ரொம்ப தூரம் போய்விட்டார். முதலை பலகையையும் தாண்டி, விரல் அளவு உருவம். படகுப் பக்கம் நின்ற கென்னி கடலைப் பார்த்து, "யாராவது அவுகட்டச் சொல்லுங்க, அந்த முக்குலதான் அது வெயில் காய ஏறும்" என்றான். எது ஏறும் என்று யாரும் கேட்கவில்லை.

மணலில் ஓடினேன். அறுபத்தோரு வயசில் செருப்பில்லாமல். "ஏங்க" என்று கூப்பிட்டேன். "இந்தாங்க, ஏங்க." காற்று எதிர்க்காற்று. கேட்டிருந்தாலும், உலகத்தில் எத்தனை ஆம்பளைக்கு "ஏங்க" என்று பேர். இவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

மாமியார் முகம் ஒரு நிமிஷம் வந்தது. சொன்னால் குறையும். இந்தப் பக்கம், சொல்லாவிட்டால் இல்லாதவர். இரண்டு பக்கமும் இவர் உயிர்தான். ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

சொன்னேன். முதல் தடவை வாய்க்குள்ளேயே சுற்றியது. இரண்டாவது தடவை எக்ஸ்சேஞ்ச் குரலில் கத்தினேன். மழைக்காலத்தில் லைன் கரகரக்கும்போது கல்கத்தாவுக்குக் கத்துவோமே, அந்தக் குரல். இவர் திரும்பவில்லை. மூன்றாவது தடவை. திரும்பவில்லை. பின்னாலேயே ஓடிவந்த டோரீன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு தானும் கத்தினாள். க்ளோரியா கத்தினாள். மெல்பர்ன் கிழவர்கள் நாலு பேரும் கத்தினார்கள். ஆளுக்கொரு விதமாக அந்தப் பேரைக் கடித்துத் துப்பினார்கள். கடைசியில் கென்னியும் கத்தினான், அவன் மாமியார் அங்கே நின்றதால் வேறு பக்கம் பார்த்து. முப்பத்தாறு வருஷம் நான் பொத்தி வைத்திருந்த பேர் கடற்கரை முழுக்கக் கிடந்தது.

அப்போதுதான் திரும்பினார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். திரும்பி நடந்து வந்தார், அதே வேகத்தில்.

"காது என்ன செவிடா?" என்றேன். பதினாறு நாளில் முதல் வார்த்தை.

"கேட்டுச்சு. ஒங் குரல் மாதிரி இருந்துச்சு. பேரைச் சொன்னதும், சரி, நம்மள இல்ல, வேற யாரையோ கூப்பிடுதாகன்னு நெனச்சேன்."

"இந்தத் தீவுல அந்தப் பேருல வேற எவன் இருக்கான்?"

கொஞ்சம் யோசித்தார். "அதான" என்றார்.

பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டார். மஃப்ளரை அவிழ்த்தார். "ரிப்போர்ட் வந்துருச்சு. முந்தாநாளே."

இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்தது. அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதி வைத்திருக்கிறேன், மேலே இருக்கிறது.

"தைராய்டுல கேன்சராம். ஆரம்பந்தான், எடுத்துரலாம், உசுருக்குப் பயமில்லங்காரு டாக்டரு. குரல் நரம்பு மேல ஒட்டிக்கிட்டு இருக்காம். எடுக்கும்போது குரலு போனாலும் போவும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீதான் பேச மாட்டேங்கியே."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை. கிரவுண்டின் அந்தக் கோடியில் நிற்கிற பிள்ளையை இந்தக் கோடியிலிருந்து அதட்டுகிற குரல் அது. எனக்குப் பிடிக்காத குரல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

டோரீன் வந்து இவரைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். தோளைத் தட்டிப் பார்த்தாள். "செத்த ஆளுக்கு நல்ல ஒடம்பு" என்றாள். "இவரு கழுத்துக்கு ஆபரேசன் பண்ணணும் அக்கா" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தி, இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குழியில் புது இலை போட்டு, புகையை இவர் பக்கம் விசிறினாள். இவர் இருமினார். "இது வேற இலை. இருன்னு சொல்லுற இலை" என்றாள். அதே மரத்திலிருந்து ஒடித்ததை நான் பார்த்தேன். கேட்கவில்லை.

படகு ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "ரெண்டு மீனு தின்ன நீ. செத்தவனுக்காகப் போட்டது. ஞாபகம் வச்சுக்க" என்றாள்.

திரும்பும்போது இவர் பின்பக்கம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேரை இங்கே எழுதவில்லை. கத்தியாயிற்று, எழுத இன்னும் கை வரவில்லை.

ஜூன் 17

உமாவிடம் சொன்னோம். அவள் அழவில்லை. "வந்த அன்னைக்கே அந்த மஃப்ளரைப் பாத்து எனக்குத் தெரியும்மா. நீங்களாச் சொல்லுவீகன்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் வைத்து ஒரு மணி நேரம் திட்டினாள். மொத்தத்தில் இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை எல்லாரும் எல்லாரிடமிருந்தும் மறைத்திருக்கிறோம்.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட்டை மாற்றி, மதுரைக்குப் போன் போட்டு, எங்கள் பெட்டியை அவரே அடுக்கினார். மாப்பிள்ளை பேசாமல் இருந்து முதல் தடவை பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. "ஆஸ்திரேலியாவுல கங்காருவைத் திம்பாகளாமே, நெசமா?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் விளக்கினார்.

ஜூன் 21

கோவில்பட்டி. வீடு பூட்டிக் கிடந்ததில் கரப்பான் பூச்சி. இவர் பேசிக்கொண்டே இருக்கிறார், கபடியைப் பற்றி. நான் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை.

ஜூலை 4, மதுரை

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. கவுண்டரில் ஒரு சின்னப் பெண். "பேஷண்ட் பேரும்மா?" இவர் வாயைத் திறக்கப் போனார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன், இனிஷியலோடு.

இவர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்குக் கேக்கல போல. இன்னொருக்காச் சொல்லு" என்றார். அந்தப் பெண் ஏற்கெனவே டைப் அடித்து முடித்திருந்தாள். இருந்தாலும் சொன்னேன்.

ஜூலை 6

காலை எட்டு மணிக்குக் கொண்டுபோனார்கள். ஃபிளாஸ்க், டம்ளர், இரண்டு துண்டு, உமாவின் போன் ஏழு தடவை. பக்கத்து நாற்காலி அம்மாவுக்கு ஊர் சாத்தூர், அவர் மகனுக்குக் குடல்வால். பன்னிரண்டரைக்கு டாக்டர் வந்து, கட்டி முழுசாக வந்துவிட்டது என்றார். குரலைப் பற்றிக் கேட்டேன். பார்க்கணும் என்றார்.

ஒரு மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கழுத்தில் பெரிய கட்டு, மூக்கில் குழாய், முகம் சின்னதாகியிருந்தது. மயக்கம் தெளிகிற நேரம், ஆள் முழிக்க மாட்டேன் என்கிறார் என்றாள் நர்ஸ். "கூப்பிடுங்கம்மா. நாங்க கூப்பிட்டா அசைய மாட்டேங்காரு."

"ஏங்க" என்றேன். வாய் தானாகப் போனது.

"அப்படிக் கூப்பிட்டா இந்த வார்டுல பத்துப் பேரு முழிப்பாங்க. பேரைச் சொல்லுங்கம்மா."

"பூவலிங்கம்" என்றேன்.

ஒன்றும் இல்லை. கண் மூடியே இருந்தது. தீவில் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தாரே, அந்த முதுகு ஞாபகம் வந்தது. வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். குனிந்து காதுக்குப் பக்கத்தில், பி.டி. வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரலில், "பூவலிங்கம்" என்றேன்.

போர்வைக்குள் ஏதோ அசைந்தது. வலது கை வெளியே வந்தது. குளுக்கோஸ் டியூபோடு காதுக்கு நேரே மேலே போய் நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்ன சொன்னார் என்று நர்ஸ் கேட்டாள்.

"உள்ளேன்னு சொல்லுதாரு" என்றேன்.